சித்திரையில் மதுரை: கோடையில் கூடும் கலைப்பருவம்

தமிழ்நாட்டில் ஒரு நகரத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கலைப்பருவம் என்றவுடன் சென்னையின் மார்கழி இசைவிழாவே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் வழியே வளர்ந்த அந்தப் பருவம் சபா என்னும் அமைப்பையும், நுழைவுச் சீட்டையும், மூடிய அரங்கையும் அடிப்படையாகக் கொண்டது. அதற்கு நேர் எதிரான இயல்புகளோடு, அதைக் காட்டிலும் பல நூற்றாண்டுகள் மூத்ததாக, கொளுத்தும் கோடையில், திறந்த வெளியில், பெரும்பாலும் இரவில் நடைபெறும் மற்றொரு கலைப்பருவம் மதுரைக்கு உண்டு. சித்திரைத் திருவிழா என்று சமயப் பெயரால் மட்டுமே அது அறியப்படுவதால், அதற்குள் நாகசுவரமும் கோலாட்டமும் வர்ணிப்புப் பாடலும் கரகாட்டமும் இசைநாடகமும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் முறை போதிய கவனம் பெறுவதில்லை. கலைக்கு இடம், காலம், பொருள், பார்வையாளர் ஆகிய நான்கையும் ஒரு நகரம் எவ்வாறு தானே திரட்டித் தருகிறது என்பதை அறிய விரும்புவோருக்குச் சித்திரை மாத மதுரையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கோடை ஏன் கலைக்குரிய காலமாயிற்று

கடும் வெப்பம் நிலவும் மாதங்களில் மக்களைத் திறந்த வெளியில் கூட்டுவது இன்றைய நகரவாசிக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இத்தேர்வுக்கு வேளாண் வாழ்வில் தெளிவான காரணங்கள் உள்ளன. தை, மாசி மாதங்களில் நெல் அறுவடை முடிந்த பின், அடுத்த சாகுபடிக்கு நீர் வரும் வரையில் வயல்கள் காய்ந்து கிடக்கும். உழவருக்கு ஓய்வும், கையில் ஓரளவு தானியமும் பணமும் ஒருசேரக் கிடைக்கும் இடைவெளி அதுவேயாகும். நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்கும், திருமணம் பேசுவதற்கும், மாடு வாங்கி விற்பதற்கும், உறவினர் ஊர்களுக்குச் சென்று தங்குவதற்கும் ஏற்ற காலமாகப் பங்குனியும் சித்திரையும் அமைந்தது இதனால்தான்.

இரண்டாவது காரணம் வைகையாறு. ஆண்டின் பெரும்பகுதியில் குறைந்த நீரே ஓடும் இந்த ஆறு சித்திரையில் பெரும்பாலும் வறண்டு, நகரின் நடுவில் பல்லாயிரம் பேர் உட்காரவும் உறங்கவும் சமைக்கவும் ஆடவும் இடங்கொடுக்கும் மணல்வெளியாக மாறிவிடும். மூன்றாவதாக, பகல் வெப்பம் மக்களை நிழலில் முடக்கிவிடுவதால் ஊர் விழித்தெழுவது மாலைக்குப் பிறகே. மின்விளக்கு இல்லாத காலத்தில் இரவு முழுதும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு முழுநிலவு இன்றியமையாததாக இருந்திருக்கும் என்பதை எண்ணினால், விழாவின் உச்சம் சித்திரை முழுநிலவு நாளில் அமைந்ததன் பொருத்தமும் புலப்படும்.

வீதிகளே மேடை

மதுரையின் பழைய நகரப் பகுதி, மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவில் வைத்து, சதுர வடிவில் ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக அமைந்த வீதிகளைக் கொண்டது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதன்பின் மாசி வீதி, இறுதியாகக் கோட்டை இருந்த எல்லையைக் குறிக்கும் வெளி வீதி என்று அவற்றின் பெயர்கள் தொடரும். தமிழ் மாதங்களின் பெயர்களை வீதிகளுக்கு இட்டு வழங்கும் இந்த முறை, எந்த மாதத்தில் எந்த வீதியில் தெய்வம் உலா வரும் என்பதை நகரத்தின் நிலத்தின்மேலேயே எழுதிவைத்த நாள்காட்டியாகும்.

இந்த நாள்காட்டியில் ஒரு முரண் உண்டு. இன்று சித்திரை மாதத்தில் நடக்கும் மீனாட்சி திருக்கல்யாணத்தை அடுத்த தேரோட்டம் சித்திரை வீதிகளில் நடப்பதில்லை. மாசி வீதிகளில் நடக்கிறது. திருக்கல்யாண விழா முன்பு மாசி மாதத்தில் நடந்தது என்பதற்கும், 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் அதனைச் சித்திரைக்கு மாற்றினார் என்னும் பரவலான கருத்துக்கும் இதனை ஒரு தடயமாகக் காட்டுவர். இதே காலத்தில், மதுரைக்கு வடகிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்மலையிலிருந்து கள்ளழகர், சோழவந்தானுக்கு அருகிலுள்ள தேனூருக்குச் சென்று வைகையில் இறங்கி வந்த வழக்கத்தையும் மன்னர் மாற்றி, அவரை மதுரைக்கு வரச்செய்தார் என்று சொல்லப்படுகிறது. வண்டியூர்ப் பகுதியில் ஆற்றுக்குள் உள்ள மண்டபம் இன்றும் 'தேனூர் மண்டபம்' என்றே வழங்கப்படுவது பழைய வழக்கத்தின் எச்சமாகும்.

இந்த இணைப்பின் நோக்கம் என்ன என்பது பற்றிக் கருத்துகள் பல. சைவ விழாவையும் வைணவ விழாவையும் ஒருங்கிணைத்துச் சமயப் பூசலைத் தணிப்பது ஒரு நோக்கமாகச் சொல்லப்படும். புதிதாகச் செய்யப்பட்ட பெருந்தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன என்பதும், அழகரைப் பின்தொடர்ந்து வரும் நாட்டுப்புற மக்கள் திரளே அந்தத் தேவையை நிறைவுசெய்யக்கூடியதாக இருந்தது என்பதும் மற்றொரு விளக்கமாகும். நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான்: கோயில் மரபின் செவ்வியல் கலைகளும், கிராமத்து மக்கள் உடன் கொண்டுவரும் நாட்டார் கலைகளும் ஒரே இரண்டு வாரத்தில், ஒரே நகரத்தில் சந்திக்கத் தொடங்கின.

பன்னிரண்டு நாள் நாடகம்

மீனாட்சியம்மன் கோயிலின் விழா கொடியேற்றத்துடன் தொடங்கிப் பன்னிரண்டு நாள் நடைபெறும். கற்பக விருட்சம், சிம்மம், பூதம், அன்னம், கைலாச பருவதம், காமதேனு, குதிரை, ரிஷபம், யாளி முதலிய வாகனங்களில் அம்மனும் சுவாமியும் நாளொரு கோலத்தில் மாசி வீதிகளை வலம் வருவர். இந்த உலா, தெய்வம் மட்டும் செல்லும் ஊர்வலமன்று. முன்னால், முரசு கட்டிய டங்கா மாடும் அலங்கரித்த யானையும் செல்ல, அவற்றைத் தொடர்ந்து வரிசை வரிசையாகக் கோலாட்டம் ஆடும் சிறுமியரும், மீனாட்சி, முருகன் முதலிய வேடங்களைப் புனைந்த குழந்தைகளும் வருவர். நாட்டியப் பள்ளியில் பயின்ற குழந்தையும், இந்த விழாவுக்காகவே ஒரு மாதம் கோலாட்டம் பழகிய தெருக்குழந்தையும் ஒரே வரிசையில் ஆடும் வாய்ப்பை மூடிய அரங்குகள் தருவதில்லை.

உலாவின் இசை நாகசுவரத்தாலும் தவிலாலும் அமைவது. தெய்வம் கோயிலிலிருந்து புறப்படும்போது வாசிக்கப்படுவது மல்லாரி. பாடல் வரிகள் இல்லாமல், தாளக்கணக்கையே உயிராகக் கொண்டு, பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமையும் இசைவகை அது. புறப்பாடு, வீதியில் செல்லுதல், திரும்புதல் என்று உலாவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய இசை மாறும் முறையை மரபாக அறிந்த கலைஞர்கள் இருந்தமையால், கேட்போர் இசையைக்கொண்டே சுவாமி எங்கு வருகிறார் என்பதை உணர்ந்துகொள்ள முடிந்தது. 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தின் நாகசுவர இசையை வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் மதுரையின் இந்த நாகசுவர மரபில் வந்தவர்களே. உலா ஒருபுறம் நடக்க, கோயிலுக்குள் ஆடி வீதியில் மாலைதோறும் இசைக் கச்சேரிகளும் பரதநாட்டியமும் சமயச் சொற்பொழிவுகளும் கட்டணமின்றி நடைபெறுவதால், சபாவுக்குச் செல்லும் பழக்கமில்லாத குடும்பங்களும் செவ்வியல் கலையை எதிர்கொள்ளும் சந்தர்ப்பம் அமைகிறது.

விழாவின் இறுதி நாள்கள் ஒரு நாடகத்தின் அங்கங்களைப்போல ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்து செல்வன. எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை சூட்டி, முடிபுனைவித்து, செங்கோல் அளிக்கப்படும் அந்நாள் முதல் ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டும் வரை மதுரையில் மீனாட்சியின் ஆட்சி என்பது மரபு. ஒன்பதாம் நாள் திக்கு விசயம். எண்திசைக் காவலரையும் போரில் வென்றபின் மீனாட்சி சிவபெருமானைக் கண்டு நாணி நிற்கும் கதை மாசி வீதிகளின் சந்திப்புகளில் நிகழ்த்திக் காட்டப்படும். பத்தாம் நாள் திருக்கல்யாணம். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்து கலந்துகொள்ள, தாலி கட்டும் நேரத்தில் கூடியிருக்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றையும் புதிதாக மாற்றிக்கொள்வர். வந்தவர்கள் மொய் எழுதுவதும், கல்யாண விருந்து உண்டு செல்வதும் உண்டு. பார்வையாளர் வெறும் பார்வையாளராக நில்லாமல் உறவினராக மாறிவிடும் இந்தத் தன்மையே இந்நிகழ்வின் அரங்கியல் சிறப்பாகும். பதினோராம் நாள், சுவாமியும் பிரியாவிடை அம்மனும் பெரிய தேரிலும் மீனாட்சி சிறிய தேரிலும் மாசி வீதிகளில் வலம் வருவதோடு கோயிலின் நாடகம் ஏறத்தாழ நிறைவடையும்.

மலையிலிருந்து வரும் கூட்டம்

கோயிலின் நாடகம் முடியும் நேரத்தில் அழகரின் பயணம் தொடங்கிவிட்டிருக்கும். கள்ளர் வேடம் புனைந்து, கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் வளரித்தடியும் சாட்டையும் ஏந்தி, தங்கப் பல்லக்கில் அழகர் மலையிலிருந்து புறப்படுவார். வழியெங்கும், தெய்வம் தங்கிச் செல்லும் இடங்களான நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் அவர் நின்று செல்வதால், இருபது கிலோமீட்டர்ப் பாதையைக் கடக்க ஓர் இரவும் ஒரு பகலும் தேவைப்படும். மூன்றுமாவடியில் நகர மக்கள் அவரை எதிர்கொண்டு அழைக்கும் 'எதிர்சேவை' முடிந்தபின், தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலையை ஏற்று, தங்கக் குதிரை வாகனத்தில் அமர்ந்து, முழுநிலவை ஒட்டிய விடியற்காலையில் வைகையில் எழுந்தருள்வார்.

தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு வரும் அழகர், திருமணம் முடிந்துவிட்டதை ஆற்றங்கரையில் அறிந்து, கோபமுற்று ஊருக்குள் நுழையாமலே திரும்புகிறார் என்பது மக்கள் வழங்கும் கதை. கோயிலார் சொல்லும் காரணம் வேறு: துருவாசரின் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விடுதலை அளிப்பதற்கே அழகர் ஆற்றுக்கு வருகிறார் என்பது அது. இரண்டு விழாக்களைக் காலத்தால் இணைத்தது அரசு என்று கொண்டால், அவற்றைப் பொருளால் இணைத்தது மக்களின் கதையே எனலாம். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு காரணங்களும் நூற்றாண்டுகளாக ஒரே விழாவில் அருகருகே நிலைத்திருக்கின்றன.

இந்தப் பயணத்தின் கலைமுகத்தை முழுமையாக ஆராய்ந்தவர் பேராசிரியர் தொ. பரமசிவன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த 'அழகர் கோயில்' ஆய்வு 1989இல் நூலாக வெளிவந்தது. கல்வெட்டையும் இலக்கியத்தையும் மட்டும் சாராமல், விழாவில் வேடமிட்டு ஆடும் அடியவர்களையே நேரில் கண்டு எழுதப்பட்டமையால், கோயில் ஆய்வுகளுள் அது தனியிடம் பெற்றது. கையில் எரியும் திரியை ஏந்தி ஆடுவோர், திரியின்றி ஆடுவோர், சாட்டையால் அடித்துக்கொண்டு ஆடுவோர், துருத்தியால் நீர் தெளிப்போர் என்று அந்த அடியவர்களை வகைப்படுத்தி அந்நூல் விளக்குகிறது. சல்லடம் எனப்படும் குறுங்கால்சட்டையும், பலவண்ணத் துணியில் சரிகை வைத்துத் தைத்த மேற்சட்டையும், தலைப்பாகையும், காலில் சலங்கையும் அணிந்த இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர்; ஆண்டில் பதினொரு மாதம் உழவராகவும் கூலித் தொழிலாளராகவும் வாழ்ந்து, சித்திரையில் மட்டும் ஆட்டக்காரராக மாறுவோர்.

துருத்தி என்பது ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் செய்யும் பை. தோப்பரை என்றும் இதைச் சொல்வர். நறுமணப் பொருள்கள் கலந்த நீரை அதில் நிரப்பி, முனையில் பொருத்திய சிறு குழாய் வழியே அழகர்மீதும் கூட்டத்தின்மீதும் பீய்ச்சியடிப்பது வழக்கம். வெயிலில் நடந்து வந்த தெய்வத்தையும் அடியவரையும் குளிர்விக்கும் வழிபாடாகவும், மழை வேண்டும் சடங்காகவும், இளைஞரின் கேளிக்கையாகவும் ஒரே நேரத்தில் விளங்கும் இச்செயல் இராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி என்னும் பெயரில் உச்சம் பெறும். நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்கள், நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கும் தரைக்கடைகள் ஆகியன இந்த நீர் விளையாட்டோடு சேர்ந்து, கோடையை எதிர்கொள்ளும் ஊரின் அறிவைக் காட்டுவன.

அழகரோடு வரும் இலக்கிய வடிவம் வர்ணிப்பு. அழகர் மலையிலிருந்து புறப்பட்டு மதுரை வந்து திரும்பும் பயணத்தை, அவர் தங்கும் இடங்களையும் அணியும் அணிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லும் நெடும்பாடல் இது. எழுத்தறிந்தோர் அச்சிட்ட சிறுநூலைப் பார்த்துப் பாட, எழுத்தறியாதோர் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து பாடி வந்தனர். ஆற்றில் இறங்கிய மறுநாள் அழகர் கருட வாகனத்தில் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு விடுதலை அளித்தபின், அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி தொடங்கும். மச்சம், கூர்மம், வாமனன், இராமன், கிருஷ்ணன் என்று ஒரே திருமேனி இரவெல்லாம் கோலம் மாறி, விடியும்போது மோகினியாகக் காட்சி தருவதைக் காண மக்கள் மணலிலேயே கண்விழித்துக் காத்திருப்பர். ஒரு கோலம் கலைந்து மறு கோலம் அமையும் இடைவெளிகளை நிரப்புவன இசையும் ஆட்டமுமே.

செலவை ஏற்பவர் யார்

இத்தனை நிகழ்ச்சிகளுக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை மண்டகப்படி என்னும் ஏற்பாட்டில் உள்ளது. உலா வரும் தெய்வம் தங்கிச் செல்லும் மண்டபத்தையோ பந்தலையோ, அங்கு ஆகும் பூசை, விளக்கு, மேளம், உணவு ஆகியவற்றின் செலவையோ ஒரு குடும்பம், ஒரு சமூகம், ஒரு வணிகச் சங்கம் அல்லது ஓர் அலுவலகத்தின் ஊழியர்கள் தங்கள் உரிமையாகவும் கடமையாகவும் ஏற்பதே மண்டகப்படி. தங்கள் பந்தலில் தெய்வம் நிற்கும் சில நிமிடங்களுக்காக, முன்னிரவு முழுதும் கூட்டத்தைக் கவர்ந்து வைத்திருக்க நையாண்டி மேளமோ, ஒயிலாட்டமோ, மெல்லிசையோ ஏற்பாடு செய்வது மண்டகப்படிதாரர்களிடையே ஒரு போட்டியாகவே வளர்ந்தது. கலையை ஆதரிக்கும் பொறுப்பு ஓர் அரசனிடமோ ஒரு செல்வரிடமோ குவியாமல் நூற்றுக்கணக்கான சிறு புரவலரிடம் பரவியிருந்தமையே, ஆட்சிகள் பல மாறியும் இப்பருவம் அறுபடாமல் வந்ததற்கு முதன்மைக் காரணம்.

கைவினைஞரும் இந்தப் பொருளாதாரத்தில் பங்குபெறுவர். கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம், வைகாசியில் நடக்கும் வசந்த விழாவுக்காக எழுப்பப்பட்ட கோடைக்கால மண்டபம். உள்ளே காற்று குளிர்ந்து வருவதற்காகச் சுற்றிலும் நீர் நிறுத்தும் அகழி அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் அதன் தூண்களுக்கிடையே தையற்காரரும் பாத்திர வணிகரும் நிறைந்து, அழகர் ஆட்டத்துக்குரிய சல்லடமும் தலைப்பாகையும் தைத்துக் கொடுக்கும் இடமாக அது பல தலைமுறைகளாகப் புகழ்பெற்றது. மண்டபத்தின் சிற்பங்களைப் பாதுகாக்கும் பொருட்டு அண்மைக் காலத்தில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.

நகரைச் சுற்றிய மேடைகள்

பெருவிழா நகரத்துக்குள் நடக்க, அதைச் சுற்றிய சிற்றூர்களில் பங்குனி முதல் ஆடி வரை அம்மன் கோயில்களின் பொங்கலும் முளைப்பாரியும் தொடர்ந்து வரும். அந்த விழாக்களுக்குக் கலைஞர்களை அனுப்பும் மையம் மதுரையே. கரகாட்டம் இவற்றுள் பரவலானது. வழிபாட்டுக்காக நீர் நிறைத்து, பூச்சுற்றி எடுக்கப்படுவது சக்திக் கரகம். உச்சியில் கிளிப்பொம்மை செருகிய செம்பைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல் கலைத்திறனைக் காட்டி ஆடுவது ஆட்டக் கரகம். இரண்டுக்கும் துணை நிற்பது நாகசுவரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியன சேர்ந்த நையாண்டி மேளம்.

இதைவிட நுட்பமான அமைப்புடையது 'ஸ்பெஷல் நாடகம்' என்று மக்கள் அழைக்கும் இசைநாடகம். தூத்துக்குடியில் பிறந்து நாடகத் தமிழுக்குத் தலைமையாசிரியராக மதிக்கப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். அவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களே இன்றும் இம்மேடைகளில் மிகுதியாக நடிக்கப்படுகின்றன. நிலையான குழு என்று ஒன்று இந்த நாடகத்துக்குக் கிடையாது. இராஜபார்ட் எனப்படும் கதைத்தலைவன், ஸ்திரீபார்ட் எனப்படும் கதைத்தலைவி, பபூன், நடனக்காரி, ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் ஆகியோர் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பர். ஒத்திகை இல்லாமலே நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை நடக்கும். கதையும் பாட்டும் அனைவருக்கும் பாடமாகத் தெரிந்திருப்பதும், வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே நிகழும் தர்க்கம்போன்ற பகுதிகளில் நேரத்துக்கேற்பச் சொல்வன்மையால் வென்றாக வேண்டியிருப்பதும் இதன் இலக்கணம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் இயங்கும் நாடக நடிகர் சங்கங்கள் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பாகும். மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், இக்கலைஞர்கள், குறிப்பாக நடிகையர், மேடையில் பெறும் கைதட்டலுக்கும் சமூகத்தில் பெறும் இழிநோக்குக்கும் இடையே உள்ள முரணை 2005இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவுசெய்தார்.

அரசின் பங்காகப் பல ஆண்டுகள் நடைபெற்றுவந்தது தமுக்கம் மைதானத்தின் சித்திரைப் பொருட்காட்சி. இராணி மங்கம்மாள் காலத்தோடு தொடர்புடைய தமுக்கம் அரண்மனையில் 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நாயக்கர் காலத்தில் வீர விளையாட்டுகளைக் காணும் வெளியாக இருந்த அரண்மனை மைதானம் கண்காட்சிக்குரிய இடமாயிற்று. அரசுத் துறைகளின் விளக்க அரங்குகள், இராட்டினங்கள், அப்பளக் கடைகள் ஆகியவற்றோடு மாலைதோறும் கலை நிகழ்ச்சிகளும் நடைபெற்றதால், திருவிழாவுக்கு வந்த கிராமத்துக் குடும்பம் ஊர் திரும்புமுன் காணவேண்டிய இடமாகத் தமுக்கம் விளங்கிவந்தது.

இன்றைய நெருக்கடிகள்

பல நூற்றாண்டு பழமை உடையது என்பதனாலேயே இப்பருவம் இடரின்றித் தொடரும் என்று கொள்வதற்கில்லை. பெருந்தொற்றுக் காலமான 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் விழா மக்கள் பங்கேற்பின்றிக் கோயில் வளாகங்களுக்குள் சுருங்கியபோது, தெய்வச் சடங்குகள் நிறைவேறின. ஆனால் கோடை மாதங்களின் வருவாயைக்கொண்டே ஆண்டு முழுதும் வாழும் கரகாட்டக்காரர், நாடகக் கலைஞர், மேளக்காரர் ஆகியோர் இரண்டு பருவங்களை அடுத்தடுத்து இழந்தனர். சடங்கையும் கலையையும் ஒன்றாகவே எண்ணிவந்த நகரம், ஒன்று நின்றாலும் மற்றது நடக்கும் என்பதை அப்போது கண்டது. மக்கள் மீண்டும் திரண்ட 2022இல் அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நெரிசலால் உயிரிழப்பு நேர்ந்தது. ஆற்றின் இருகரையிலும் சாலைகளும் தடுப்புச் சுவர்களும் எழுந்து மணல்வெளி சுருங்கிவிட்ட நிலையில், பழைய அளவுக்கும் மேற்பட்ட கூட்டம் சிறுத்துப்போன வெளியில் அடைபடுவது கவலைக்குரியது.

நீரின் நிலையும் மாறிவிட்டது. 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தபின், ஆற்றில் நீர் ஓடுவதும் ஓடாததும் பொதுப்பணித் துறையின் முடிவைச் சார்ந்ததாயிற்று. விழாவுக்கென அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில், நகரின் கழிவுநீர் ஆற்றோடு கலப்பது அந்த நீரின் பயனைக் குறைத்துவிடுகிறது. தோல்துருத்தியின் இடத்தில் அழுத்த விசை பொருத்திய குழாய்கள் வந்தமையால் திருமேனிக்கும் அர்ச்சகர்க்கும் ஊறு நேரும் நிலை உருவாகி, அவற்றுக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கியின் பெருக்கம் வர்ணிப்புப் பாடுவோரின் குரலைக் கேளாமல் செய்துவிட்டது. மண்டகப்படிப் பந்தல்களில் பதிவுசெய்யப்பட்ட திரைப்பாடல் ஒலிப்பது மலிவாகவும் எளிதாகவும் இருப்பதால் நையாண்டி மேளத்துக்கான அழைப்புகள் குறைகின்றன. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் போன்ற அமைப்புகள் அடையாள அட்டையும் உதவித்தொகையும் வழங்கினாலும், கலைஞருக்கு முதல் தேவை மேடையும் அதற்குரிய ஊதியமுமே ஆகும்.

மதுரையின் சித்திரையைக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிக்கலாக மட்டுமே நிர்வாகம் காணும் வரையில், காவலரின் எண்ணிக்கையும் தடுப்புக் கட்டைகளின் நீளமும் பற்றியே திட்டங்கள் அமையும். அதைத் தமிழகத்தின் பெரிய கோடைக்காலக் கலைப்பருவமாகவும் கண்டால் வேறு சில பணிகளும் கடமையாகும். வர்ணிப்புக்கும் கரகத்துக்கும் இசைநாடகத்துக்கும் ஒலிபெருக்கியின் இரைச்சலற்ற தனி இடங்களை ஆற்றங்கரையில் ஒதுக்குதல், இரவெல்லாம் ஆடுவோருக்கு நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் உடைமாற்றும் அறையும் அமைத்தல், மண்டகப்படிதாரர் ஒவ்வொருவரும் ஒரு நேரடிக் கலைநிகழ்ச்சியையாவது உரிய ஊதியத்துடன் நடத்தும்படி ஊக்குவித்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மண்டகப்படி என்னும் பழைய ஏற்பாடு இன்றும் உயிரோடிருப்பதால், புதிய அமைப்பு எதையும் உருவாக்கவேண்டிய தேவையும் இல்லை. நகரமும் கோயில் நிர்வாகமும் வணிகச் சங்கங்களும் சித்திரை பிறப்பதற்கு முன்னரே கலைஞர் சங்கங்களோடு ஒருமுறை கூடிப் பேசுவதே இதற்குப் போதிய தொடக்கமாகும்.